ஷூ கழற்ற நாற்பது விநாடி

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் செய்வது உட்காருவது. வணக்கம், அறிமுகம், தேநீர் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாற்காலியைக் காட்டினால் அதில் உட்கார மாட்டார். மாடிப்படியின் மூன்றாவது படி, தண்ணீர்க் குழாய்க்கு எதிரே இருக்கும் சிமெண்ட் திட்டு, காவலாளியின் ஸ்டூல் என்று தானாக ஓரிடம் கண்டுபிடித்து, அங்கே பத்து நிமிடம் பேசாமல் இருப்பார். நான் அறிய மூன்று காவலாளிகள் அவரால் பத்துப் பத்து நிமிடம் நின்றிருக்கிறார்கள்.

மனிதர்கள் கட்டடங்களை எப்படி உணர்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, காலில் ஓட்டப்பந்தய ஷூ, தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், வேலை பெங்களூரில். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரயிலேறி வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜில் தங்குவார். நான் அப்போதுதான் நாளிதழ் வேலையை விட்டிருந்தேன். அந்த வட்டாரத்தில் பதினோரு ஆண்டு செய்தி சேகரித்தவன் என்பதால், எந்த ஆலையின் எந்த கேட்டில் யாரிடம் பேசினால் உள்ளே விடுவார்கள் என்பது தெரியும். அதற்காகத்தான் என்னை உடன் வைத்துக்கொண்டார். போய்வர ஆலைகள் அனுப்பும் கார் இருந்தது. அதில் அவர் ஏறியதை நான் பார்த்ததில்லை. ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் தொழிலாளர்களோடு நின்றுகொண்டே வருவார். அவருடன் நானும் நின்றுகொண்டே போவேன்.

அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால் போகிற இடமெல்லாம் வியாதிக்காரர்கள் சேர்ந்தார்கள். முட்டியைக் காட்டினார்கள், நாக்கை நீட்டினார்கள். "நான் கட்டடத்துக்குத்தானுங்க டாக்டர்" என்று சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு கட்டட டாக்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு விடுதி வார்டன் அவரை மாடிக்கு அழைத்துப்போய் ஒழுகும் கூரையைக் காட்டி, எத்தனை நாளில் குணமாகும் என்று கேட்டார்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: தான் சொன்னது தப்பு என்று தெரியும்போது அவ்வளவு சந்தோஷப்பட்ட வேறு மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒரகடம் சந்திப்புக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பேருந்து நிழற்குடை. எஃகு இருக்கைகள், கூரை, எல்லாம் ஒழுங்கு. ஆனால் பஸ்ஸுக்கு வருகிறவர்கள் இருபதடி தள்ளி வெயிலில் நின்றார்கள். "எஃகு சுடுமுங்க, அதனாலதான்" என்றார் அவர். சொன்னதோடு விட மாட்டார். சொன்னதைத் தன் உடம்பில் செய்து பார்க்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தார். இருக்கை நிழலில் இருந்தது, சுடவே இல்லை. அரை மணி நேரம் சுகமாக உட்கார்ந்திருந்த பிறகு எங்கள் பஸ் வந்தது, நிழற்குடையில் நிற்காமல் இருபதடி தள்ளியிருந்த டீக்கடை முன்னால் நின்றது, ஓட்டுநர் ஜன்னல் வழியே கிளாஸை வாங்கிக்கொண்டார், பஸ் புறப்பட்டுவிட்டது. நாங்கள் பஸ்ஸை விட்டுவிட்டோம். அவர் நோட்டைத் திறந்து, எழுதி வைத்திருந்த வரியைச் சிவப்பில் அடித்தார். "அது இல்லீங்க" என்றார். முகத்தில் லாட்டரி விழுந்தவரின் வெளிச்சம்.

அவருடன் சுற்றிய மூன்று மாதத்தில் 'அது இல்லீங்க' என்பதை நான் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

வல்லக்கோட்டை போகும் வழியில் ஓர் ஆண்கள் விடுதி. இரண்டடுக்குக் கட்டில்கள், காலை ஷிஃப்டுக்குப் போகிறவன் எழுந்த கட்டிலில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவன் படுப்பான். மேல் கட்டிலில் படுப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அறிய அவர் ஏறிப் படுத்தார். ஏறியது எளிது. எழுந்து உட்காரப்போனபோது தலை கூரையில் இடித்தது. இறங்கத் தெரியவில்லை. இரண்டு வெல்டர்களும் நானும் சேர்ந்து இறக்கினோம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அவர் எழுதியது: 'நிமிர்ந்து உட்கார முடியாது. ஜன்னல் கம்பி முழுதும் ஈர சாக்ஸ். வெயில் வருவதில்லை.' அந்த இரண்டாவது வாக்கியத்தை அப்போது அவரும் பொருட்படுத்தவில்லை, நானும் பொருட்படுத்தவில்லை.

அவரை அந்த வட்டாரத்துக்கு வரவழைத்தது ஓர் ஆலை. கார் இருக்கைகள் செய்யும் இடம். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். தொழிலாளர்கள் இடைவேளையில் உட்கார்வதற்கென்று நிர்வாகம் புதிதாக ஒரு கூடம் கட்டியிருந்தது. மூன்று பக்கம் கண்ணாடி, ஏசி, மெத்தை வைத்த நீள இருக்கைகள், முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் தரை. தொழிலாளர்கள் வைத்த பெயர் கண்ணாடி ஹால். பேக்கிங் பிரிவுப் பெண்கள் நான்கைந்து பேர் வருவார்கள். லைனில் வேலை செய்யும் ஆண்கள் ஒருவர்கூட வருவதில்லை.

"ரெண்டே பக்கம் மேடம்" என்றார் எச்.ஆர். மேலாளர். "ஏன் வர மாட்டேங்கறாங்கன்னு எழுதிக் குடுங்க. நீங்க சொல்றத செஞ்சுடலாம். சொல்ல ஒண்ணும் இல்லன்னா விட்டுடலாம். ஸ்டோர்ஸ்காரங்க ஏற்கெனவே வந்து டேப் வெச்சு அளந்துட்டுப் போயிட்டாங்க, பெட்டி அடுக்கறதுக்கு. மூணு மாசம் வரைக்கும்தான் அவங்கள நான் தாக்காட்ட முடியும்."

ஆண்கள் இடைவேளையில் போன இடம் கம்ப்ரசர் அறைக்குப் பின்னால், மதில் சுவருக்கும் அறைக்கும் நடுவே இருந்த நான்கடிச் சந்து. அங்கே பிளாஸ்டிக் கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் இசக்கிமுத்து. தூத்துக்குடிப் பக்கம், வெல்டிங் லைன், இருபத்தெட்டு வயது. இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் காலை உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். வைக்காவிட்டால் நிற்கிற வேலையையே விட வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார். இசக்கிமுத்து ஒரு கிரேட்டில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை வைத்திருந்தார். கிரேட்டின் விளிம்பு காலில் கோடு போட்டிருந்தது.

"உள்ள ஏசி இருக்குதுங்க, கால் நீட்ட மெத்தை இருக்குதுங்க. இங்க ஏனுங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார் கட்டட டாக்டர்.

"இங்கன காத்து நல்லா வரும் மேடம்."

கம்ப்ரசர் அறையிலிருந்து வந்த காற்றில் அப்பளம் பொரிக்கலாம். இவர் ஓர் இடைவேளை முழுதும் அதில் நின்று பார்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பதிலை அடித்தார்.

பிறகு ஊகங்கள் வரிசையாக வந்தன. கண்ணாடி வழியே சூப்பர்வைசர் பார்ப்பார் என்பதால் கூச்சம் என்றார். ஒரு வாரம் திரை போட்டார்கள், யாரும் வரவில்லை. ஏசிக் குளிர் ஆகவில்லை என்றார். ஏசியைக் குறைத்தார்கள், பேக்கிங் பெண்கள் புகார் சொன்னார்கள், வேறு மாற்றமில்லை. அடுத்தது, வாசலில் இருந்த ஷூ ரேக். 'காலணிகளை இங்கே விடவும்' என்று மேலே ஒரு பலகை. லைனில் எல்லாருக்கும் கணுக்கால் வரை லேஸ் கட்டும் சேஃப்டி ஷூ. இடைவேளை பத்து நிமிடம். கழற்றவும் மாட்டவுமே நேரம் போய்விடும் என்பது ஊகம். ஸ்டோரில் ஒரு ஜோடி கடன் வாங்கி மாட்டிக்கொண்டு ரேக் முன்னால் உட்கார்ந்தார். நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். கழற்ற நாற்பது விநாடி. மாட்ட ஐம்பத்தைந்து. எட்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம். "அது இல்லீங்க" என்று மகிழ்ச்சியாக அடித்தார்.

அந்தப் பலகையை வைத்தது யார் என்று விசாரித்தோம். பாதுகாப்புப் பிரிவு எச்.ஆரைச் சொன்னது, எச்.ஆர். பராமரிப்புப் பிரிவைச் சொன்னது. கடைசியில் தரை துடைக்கும் எஸ்தர் சொன்னார். வல்லக்கோட்டைக்காரர், வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

"தொறந்த அன்னிக்கு ஐயரு வந்து ஓமம் பண்ணாரும்மா. டைரக்டரே ஷூவ கழட்டி வெச்சாரு. அதுக்கோசரம் ஒரு ரேக்கு வாங்கியாந்தாங்க. அடுத்த நாளு வந்தவங்க ரேக்கப் பாத்துட்டு தானா கழட்டிட்டாங்க. அப்பால யாரோ போர்டும் எழுதி மாட்டிட்டாங்க. ஒருத்தரும் ரூல் போடல, ஆனா ரூலு கீது. எனுக்கு இன்னா, தரை கண்ணாடியாட்டம் கீது."

ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோயிலில் இசக்கிமுத்துவையும் நண்பர்களையும் பார்த்தோம். வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வரிசையில் நின்றார்கள். இவர் நோட்டை எடுத்தார். கோயிலில் தயங்காமல் கழற்றுகிறவர்கள் ஆலையில் ஏன் கழற்றுவதில்லை? இசக்கிமுத்துவிடமே கேட்டார்.

"இங்க குளிச்சிட்டுச் செருப்புல வாறோம்லா மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் வரிசையில் முன்னால் நகர்ந்துகொண்டார். பதில் முழுதும் அந்த வாக்கியத்தில் இருந்தது. எங்கள் இருவருக்கும் எட்டவில்லை.

மூன்றாவது மாதம் பிறந்தது. இனி ஒரு வழிதான் என்று அவர் முடிவு செய்தார். காலை ஆறு மணி ஷிஃப்ட் முழுதும் லைன் ஓரத்தில் நிற்பது. தொழிலாளர்களுக்குத் தரும் அதே நைலான் சாக்ஸ், அதே சேஃப்டி ஷூ. மேலாளர் தடுத்தார், நானும் தடுத்தேன். சித்திரை வெயில். அவர் நின்றார். எட்டு மணித் தேநீருக்கும் பத்தரை மணிச் சாப்பாட்டுக்கும் ஷூவைக் கழற்றவில்லை. மதியம் ஒரு மணித் தேநீருக்கு சைரன் ஒலித்தபோது கண்ணாடி ஹாலுக்கு வந்து, ஷூவைக் கழற்றி ரேக்கில் வைத்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தார். எதிரே பேக்கிங் பெண்கள் மூன்று பேர். நான் அவருக்கு மூன்றடி தள்ளி.

செய்தியாளன் எதையும் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று பழக்கப்பட்டவன். அன்றைய செய்தி மூக்குக்குத்தான் முதலில் வந்தது.

அவருக்கும் வந்திருக்க வேண்டும். குனிந்து பார்த்தார். வலது கால் பெருவிரல் சாக்ஸைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. கால்களை மெல்ல இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே. பேக்கிங் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். மாப்பும் கையுமாக வந்த எஸ்தர்தான் சொன்னார்:

"இன்னாம்மா, டாக்டருக்குப் படிச்சவங்க காலும் இதே வாசனதானா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார். அப்படிப் பார்த்தவரின் கண் ஷூ ரேக்கிலேயே நின்றுபோனது. லாட்டரி வெளிச்சம் மெல்ல வந்தது.

"சாக்ஸுங்க" என்றார் என்னிடம். "வெறும் சாக்ஸுங்க."

நேரே கம்ப்ரசர் சந்துக்குப் போனார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. இசக்கிமுத்துவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலை நீட்டி, விரலைக் காட்டினார். "எனக்கும் கிழிஞ்சு போச்சுங்க."

இசக்கிமுத்து விரலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பேச்சு வந்தது.

"வருசத்துக்கு ரெண்டு சோடி தருவாவ மேடம். ஆஸ்டல்ல தொவச்சுப் போட்டா ரெண்டு நாளானாலும் காயாது. ஈரத்தோட மாட்டுனா நாறத்தான செய்யும்? அந்த பொம்பளப் பிள்ளைய முன்னால போயி எப்படி மேடம் கழட்டுதது? மொத வாரம் ஒருத்தன் போனான். இப்ப வரைக்கும் அவன் பேரே வேற."

"சொல்லியிருக்கலாமுங்களே."

"யாருட்ட? என்னன்னு?" காலை கிரேட்டில் நகர்த்தி வைத்தார். "எழுதிராதீய மேடம். எழுதுனா நாளைக்கே சாக்ஸ் செக்கிங்னு லைன்ல நிப்பாட்டி மோந்து பாப்பாவ. போர்டும் எழுதி வைப்பாவ. ஹால் போனா போட்டும். நாங்க இங்கனயே கெடந்துட்டுப் போறோம்."

"அப்பறம் உங்க காலு என்னாகுமுங்க?"

சைரன் ஒலித்தது, இசக்கிமுத்து எழுந்து நொண்டியபடி போனார்.

திரும்பும் பஸ்ஸில் அன்று இடம் இருந்தது; உட்கார்ந்து வந்தோம். கண்டுபிடித்ததை எழுதினால் நாற்பது ஆண்களின் சாக்ஸ் மேலாளர் மேஜைக்குப் போகும். எழுதாவிட்டால் ஹாலுக்குள் பெட்டிகள் வரும், இசக்கிமுத்து கிரேட்டின் விளிம்பிலேயே காலை வைத்துக்கொண்டு, எத்தனை மாதம் முடிகிறதோ அத்தனை மாதம் நிற்பார். கண்டதை அப்படியே எழுதுவதுதான் தன் தொழில் என்று இதே பஸ்ஸில் எனக்கு வகுப்பு எடுத்தவர் அவர்.

அறிக்கையைப் பிழை திருத்த என்னிடம் கொடுத்தார். இரண்டே பக்கம். ஆண்கள் வராததற்குக் காரணம், ஷூவின் லேஸைக் கழற்றிக் கட்டுவதிலேயே இடைவேளை கரைந்துவிடுவது. செய்ய வேண்டியது: பலகையையும் ரேக்கையும் எடுத்துவிட்டு, வாசலில் ஒரு ரப்பர் மிதியடி போட்டு, ஷூவோடு உள்ளே விடுவது.

"இது நீங்களே அடித்த ஊகம்" என்றேன்.

"எழுத்துப் பிழை இருக்குதுங்களா?"

"இல்லை."

"அப்பச் சரிங்க."

மேலாளர் ஏமாறவில்லை. ஹால் வாசலில் வைத்து அறிக்கையை விசிறி போல ஆட்டினார். "லேஸ் கழட்ட எவ்ளோ நேரம் மேடம் ஆகும்? ஒரு நிமிஷம்? இத சொல்றதுக்கா மூணு மாசம்?"

"செஞ்சே பாத்துருலாமுங்க" என்றார் இவர். காலில் அந்தக் கடன் ஷூ இருந்தது. காலை எட்டு மணித் தேநீருக்கு சைரன் ஒலித்தது. ரேக் முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார். பையில் இல்லை, தலையில் இருந்தது. வலது ஷூவின் முடிச்சைப் பிடித்து இழுத்தார், அது இறுகியது. நகத்தால் கிளறினார். ஒரு துளையிலிருந்து லேஸை உருவினார், பெருமூச்சு விட்டார், அடுத்த துளையைத் தேடினார். நடுவே நிமிர்ந்து மேலாளரின் குழந்தைகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். கம்ப்ரசர் சந்திலிருந்து ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. மேலாளரும் வாசலிலேயே நின்றார். அவர் காலில் பளபளப்பான கறுப்பு ஷூ. மூன்று மாதத்தில் அவர் அந்த ஹாலுக்குள் போய் நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

வலது ஷூ கழன்றபோது ஐந்து நிமிடம் பத்து விநாடி. இடது ஷூ பாதி கழன்றிருந்தபோது இடைவேளை முடிந்த சைரன் ஒலித்தது.

"போதும் மேடம்" என்றார் மேலாளர். "பலகைய எடுத்துடறோம்."

அவர் திரும்பி நடந்து மூலை தாண்டும் வரை இவர் குனிந்தே இருந்தார். பிறகு மாட்டிக்கொண்டார். நான் நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐம்பத்தைந்து விநாடிகூட ஆகவில்லை. வலது ஒன்றைத்தானே முழுதாக மாட்ட வேண்டும். பஸ்ஸில் நோட்டைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். லேஸ் பற்றிய வரி சிவப்புக் கோட்டோடு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக எதுவும் எழுதவில்லை.

நான்கு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த ஆலைக்குப் போனேன். மதியத் தேநீர் நேரம். கண்ணாடி ஹாலில் உட்கார இடமில்லை. இசக்கிமுத்து மெத்தையில் சாய்ந்து, இடது காலை ஷூவோடு எதிர் இருக்கையில் நீட்டியிருந்தார். மெத்தை அழுக்காகாமல் குதிகாலுக்கு அடியில் ஒரு பழைய நாளிதழ். நான் வேலை பார்த்த நாளிதழ்தான். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். தரை முழுதும் கிரீஸ் தடம்.

வாசலில் எஸ்தர் மாப்பின் மீது சாய்ந்து நின்றார். "முன்னாடி ஷிஃப்டுக்கு ஒரு தபா தொடச்சேன்ணா. இப்ப நாலு தபா. அப்பயும் பாரு, மாட்டுக் கொட்டாயாட்டம் கீது. இந்த ஐடியா யாருது? அந்தக் கட்டட டாக்டருதா?"

ஆமாம் என்றேன். எஸ்தர் சொன்னதையெல்லாம் கைப்பேசியில் கட்டட டாக்டருக்கு எழுதி அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது.

"நெசமாலுமா? நாலு தடவைங்களா?" குரலிலேயே அந்த வெளிச்சம் தெரிந்தது. "அவங்கள நான் யோசிக்கவே இல்லீங்க! எஸ்தர் அக்காகிட்டச் சொல்லுங்க, அடுத்த தடவை வந்து ஒரு முழு ஷிஃப்ட் நானே தொடைக்கிறனுங்க. தொடைச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்."

எஸ்தரிடம் சொன்னேன். அவர் மாப்பை வாளியில் முக்கி, பிழிந்து, உதறினார்.

"வரட்டும், பாக்கலாம்" என்றார். "ஆனா அந்தம்மா மட்டும் ஷூவ வெளிய கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள வரணும். சொல்லிடுண்ணா."